பெல்ஜியம் அடித்த நாணயத்தை பிரான்ஸ் நிறுத்தியது எப்படி? 2 யூரோ நினைவு நாணயத்துக்குப் பின்னால் இருக்கும் விதிகள்

2015-ம் ஆண்டின் தொடக்கம். பெல்ஜியம் ஒரு புதிய 2 யூரோ நாணயத்தை வடிவமைத்து, அடிக்கவும் ஆரம்பித்துவிட்டது. சுமார் 1.8 லட்சம் நாணயங்கள் தயாராகியிருந்தன. அந்த நேரத்தில் பாரிஸிலிருந்து ஒரு ஆட்சேபக் கடிதம் வந்தது. மார்ச் மாதம் பெல்ஜியம் தன் திட்டத்தைத் திரும்பப் பெற்றது. அடித்த நாணயங்கள் ஒன்றுகூட கடைக்கு வரவில்லை.

நாணயத்தில் இருந்தது என்ன? வாட்டர்லூ. 1815 ஜூன் 18 அன்று நெப்போலியனின் படையை வெலிங்டனும் பிரஷ்யத் தளபதி ப்ளூஹரும் சேர்ந்து தோற்கடித்த போர்க்களம். அந்த இடம் இன்று பெல்ஜியத்துக்குள், பிரஸ்ஸல்ஸுக்குத் தெற்கே இருக்கிறது. போரின் 200-வது ஆண்டு வருகிறது, சுற்றுலாப் பயணிகள் குவியப் போகிறார்கள், ஒரு நினைவு நாணயம் விடலாம் என்று பெல்ஜியம் நினைத்தது. பிரான்ஸின் கணக்கு வேற. தங்கள் நாடு தோற்ற போரின் அடையாளம் தங்கள் ஊர் ரொட்டிக் கடையில் மீதிச் சில்லறையாக வந்து விழுவதை அவர்கள் விரும்பவில்லை.

இது 200 வருஷத்துக்கு முந்தைய கோபம் என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் கேள்வி சின்னதில்லை. ஒரு சுதந்திர நாடு தன் மண்ணில் நடந்ததைத் தன் நாணயத்தில் போடுவதை இன்னொரு நாடு எப்படித் தடுக்க முடியும்? இரண்டு நாடுகளும் ஒரே பணத்தைப் பயன்படுத்தினால் முடியும். அதற்கு விதியே இருக்கிறது.

ஒரே பணம், பல முகம்

யூரோ நோட்டு எந்த நாட்டில் எடுத்தாலும் ஒரே மாதிரி இருக்கும். அதில் இருக்கும் பாலங்களும் வாசல்களும் எந்த நாட்டிலும் உள்ள நிஜக் கட்டடங்கள் அல்ல, ஒவ்வொரு காலத்தின் கட்டடக்கலை பாணியை வைத்து வரைந்த கற்பனை. யாருடைய பாலத்தைப் போடுவது என்ற சண்டையே வரக்கூடாது என்பதற்காக எடுத்த முடிவு அது.

நாணயம் அப்படி இல்லை. ஒரு பக்கம் பொதுவானது, மதிப்பும் ஐரோப்பிய வரைபடமும் இருக்கும். மறுபக்கம் அந்தந்த நாட்டுக்குச் சொந்தம். ஜெர்மனி கழுகைப் போடும், அயர்லாந்து யாழைப் போடும். எங்கே அடித்திருந்தாலும் யூரோ புழங்கும் எல்லா நாடுகளிலும் செல்லும். லிஸ்பனில் வாங்கிய சில்லறையை ஹெல்சிங்கியில் காபிக்குக் கொடுக்கலாம்.

இந்த நாட்டுப் பக்கத்தை ஒரு நிகழ்வுக்காகவோ ஆளுமைக்காகவோ தற்காலிகமாக மாற்றி அடிப்பதுதான் நினைவு நாணயம். 8 வகை நாணயங்களில் 2 யூரோவுக்கு மட்டும்தான் இதற்கு அனுமதி. எடை 8.5 கிராம், விட்டம் 25.75 மில்லிமீட்டர், வெள்ளி நிற வளையத்துக்குள் பொன்னிற வட்டம், எதுவும் மாறாது. விளிம்பில் உள்ள எழுத்தும் அந்த நாட்டின் வழக்கமான 2 யூரோ நாணயத்தில் இருப்பதேதான். படம் மட்டும் வேற. டிக்கெட் மெஷினுக்கு வித்தியாசமே தெரியாது.

2002-ல் யூரோ கைக்கு வந்தபோது இதற்கு அனுமதி கிடையாது. மக்கள் புதுப் பணத்துக்குப் பழகட்டும் என்று காத்திருந்தார்கள். 2004-ல் ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸுக்காக கிரீஸ் முதல் நினைவு நாணயத்தை வெளியிட்டது. அப்போது ஒரு நாட்டுக்கு ஆண்டுக்கு ஒன்று. 2012-க்குப் பிறகு ஆண்டுக்கு இரண்டு.

இந்த இடத்தில் நம்மூர் 10 ரூபாய் நாணயம் ஞாபகம் வரும். ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் 14 வடிவங்களில் 10 ரூபாய் நாணயங்கள் வெளியாகியிருப்பதாகவும், எல்லாமே செல்லும் என்றும் அறிக்கை விட்டது. அதற்குப் பிறகும் தமிழ்நாட்டில் பல கடைகளில் 'இது செல்லாதுங்க' என்று திருப்பித் தந்தார்கள். வடிவம் கூடக்கூட சந்தேகமும் கூடும். ஒரே அரசு வெளியிடும் பணத்துக்கே இந்த நிலைமை என்றால், இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள் இஷ்டத்துக்குப் படம் போட்டால் என்ன ஆகும்? யூரோவின் எண்ணிக்கைக் கட்டுப்பாடுகளுக்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம் காசு.

யாருக்கு லாபம்?

யூரோ நாணயத்தை வெளியிடுவது அந்தந்த நாடுகள். ஒவ்வொரு ஆண்டும் எவ்வளவு வெளியிடலாம் என்பதற்கு ஐரோப்பிய மத்திய வங்கியின் ஒப்புதல் வேண்டும். ஆனால் நாணயத்தின் முகமதிப்புக்கும் அதை அடிக்கும் செலவுக்கும் உள்ள வித்தியாசம் வெளியிடும் நாட்டின் கணக்குக்குத்தான் போகும்.

சாதாரண நாணயம் சுற்றிச்சுற்றி ஒருநாள் வங்கிக்குத் திரும்பி வரும். நினைவு நாணயத்தை ஒருவர் வாங்கி ஆல்பத்தில் வைத்துவிட்டால் அது திரும்பவே வராது. அந்த 2 யூரோ அரசுக்குக் கிடைத்த வட்டியில்லாக் கடன், அதுவும் யாரும் திருப்பிக் கேட்காத கடன். அப்படியென்றால் ஆண்டுக்கு இருபது நினைவு நாணயம் விட எந்த நிதி அமைச்சருக்குத்தான் ஆசை வராது?

அதனால்தான் வரம்பு. ஒரு நினைவு நாணயத்தை எத்தனை அடிக்கலாம் என்பதற்கு இரண்டு கணக்குகள் உண்டு. எது பெரிதோ அதை நாடு எடுத்துக்கொள்ளலாம். முதல் கணக்கு, எல்லா யூரோ நாடுகளும் சேர்ந்து அதுவரை புழக்கத்தில் விட்டிருக்கும் 2 யூரோ நாணயங்களில் 0.1 சதவீதம். மொத்தம் 100 கோடி நாணயம் என்று வைத்துக்கொண்டால் 10 லட்சம். இரண்டாவது, அந்த நாடு மட்டும் விட்டிருக்கும் 2 யூரோ நாணயங்களில் 5 சதவீதம். ஜெர்மனி மாதிரி பெரிய நாட்டுக்கு இரண்டாவது கணக்கு லாபம், மால்டா மாதிரி குட்டி நாட்டுக்கு முதல் கணக்கு. உலகமே அறிந்த, மிகப் பெரிய அடையாள மதிப்புள்ள விஷயம் என்றால் முதல் கணக்கின் 0.1 சதவீதத்தை 2 சதவீதம் வரை உயர்த்தலாம். ஆனால் அதற்குப் பிறகு நான்கு ஆண்டுகளுக்கு அந்தச் சலுகையைத் தொட முடியாது.

ஆண்டுக்கு இரண்டு என்ற வரம்பிலும் இரண்டு விதிவிலக்குகள். எல்லா யூரோ நாடுகளும் சேர்ந்து ஒரே படத்தை வெளியிட்டால் அது கணக்கில் வராது. இதுவரை ஐந்து முறை அப்படி நடந்திருக்கிறது: 2007-ல் ரோம் ஒப்பந்தத்தின் 50 ஆண்டுகள், 2009-ல் நாணய ஒன்றியத்தின் 10 ஆண்டுகள், 2012-ல் யூரோ கைக்கு வந்து 10 ஆண்டுகள், 2015-ல் ஐரோப்பியக் கொடியின் 30 ஆண்டுகள், 2022-ல் எராஸ்மஸ் கல்வித் திட்டத்தின் 35 ஆண்டுகள். ஐந்துமே யாருக்கும் கோபம் வராத தலைப்புகள், கூடவே யாருக்கும் பெரிய உற்சாகமும் வராத தலைப்புகள். இன்னொரு விதிவிலக்கு, நாட்டின் தலைவர் பதவி தற்காலிகமாகக் காலியாக இருக்கும் காலம். இது பெரும்பாலும் வாடிகனுக்காகவே எழுதியது போலத் தெரியும். 2013-ல் போப் பெனடிக்ட் பதவி விலகி, பிரான்சிஸ் தேர்வாகும்வரை இருந்த இடைவெளிக்கு வாடிகன் ஒரு 2 யூரோ நாணயம் வெளியிட்டது.

வாடிகன், மொனாக்கோ, சான் மரினோ, அண்டோரா ஆகிய நான்கும் ஐரோப்பிய ஒன்றியத்தில் உறுப்பினர்கள் இல்லை. தனி ஒப்பந்தம் போட்டு யூரோ வெளியிடுகின்றன. லாபக் கதை அப்பட்டமாகத் தெரியும் இடமும் இதுதான். நடிகை கிரேஸ் கெல்லி ஹாலிவுட்டை விட்டு மொனாக்கோவின் இளவரசியானவர். அவர் இறந்த 25-வது ஆண்டுக்காக 2007-ல் மொனாக்கோ வெளியிட்ட நாணயங்கள் மொத்தம் 20,001. அதில் ஒன்று இன்று சேகரிப்பாளர் சந்தையில் ஆயிரம் யூரோவுக்கு மேல் போகிறது. பெயருக்குத்தான் புழக்க நாணயம், புழங்கியதை யாரும் பார்த்ததில்லை. அதன் பிறகு ஒப்பந்தங்களைத் திருத்தினார்கள். 2009-ல் வாடிகனுடன் போட்ட புது ஒப்பந்தம், நாணயங்களில் குறைந்தது 51 சதவீதத்தையாவது முகமதிப்புக்கே புழக்கத்தில் விட வேண்டும் என்று சொன்னது. உறுப்பு நாடுகளுக்கு விதி இன்னும் கடுமை. சிறப்புத் தரம், அழகான பெட்டி என்று சொல்லிக் கூடுதல் விலைக்கு விற்பது மொத்தத்தில் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது.

இதெல்லாம் கணக்கு வழக்கு. சண்டை வந்தாலும் கால்குலேட்டரை வைத்துத் தீர்த்துவிடலாம். படத்தில்தான் சிக்கல்.

ஏழு நாள் கெடு

படத்துக்கான தொழில்நுட்ப விதிகள் எளிது. சுற்றிலும் 12 நட்சத்திரங்கள் வேண்டும். நாட்டின் பெயரோ சுருக்கமோ இருக்க வேண்டும். தேசிய அளவிலோ ஐரோப்பிய அளவிலோ முக்கியமான விஷயமாக இருக்க வேண்டும்.

வடிவம் தயாரானதும் அதை ஐரோப்பிய ஆணையத்துக்கும், கவுன்சில் எனப்படும் அமைச்சர்கள் அவைக்கும், மற்ற யூரோ நாடுகளுக்கும் அனுப்ப வேண்டும். வெளியீட்டுத் தேதிக்கு மூன்று மாதம் முன்பாவது அனுப்பிவிட வேண்டும். அனுப்பியதிலிருந்து ஏழு நாள். தொழில்நுட்பக் குறை இருந்தால் ஆணையம் சொல்லலாம். எந்த யூரோ நாடும், 'இந்தப் படம் எங்கள் குடிமக்களிடையே எதிர்ப்பைக் கிளப்பும்' என்று காரணத்தோடு எழுதி ஆட்சேபிக்கலாம். ஏழு நாளில் யாரும் வாய் திறக்காவிட்டால் ஒப்புதல் கிடைத்ததாக அர்த்தம். ஆட்சேபம் வந்தால், வெளியிடும் நாடு அடுத்த ஏழு நாளுக்குள் திரும்பப் பெற்று வேறு படம் தரலாம். திரும்பப் பெறாவிட்டால் விஷயம் கவுன்சிலில் வாக்கெடுப்புக்குப் போகும்.

'எதிர்ப்பைக் கிளப்பும்' என்றால் எவ்வளவு எதிர்ப்பு? எத்தனை குடிமக்கள்? உண்மையிலேயே கிளம்ப வேண்டுமா, கிளம்பும் என்று அரசு நினைத்தாலே போதுமா? விதி இதையெல்லாம் விளக்கவில்லை. ஆட்சேபிக்கும் நாடே தன் மக்களின் மனசை மொழிபெயர்த்துச் சொல்லிக்கொள்ளலாம். வாட்டர்லூ விவகாரத்தில் பிரான்ஸ் செய்தது அதுதான். ஒற்றை நாணயத்தின் கீழ் ஒற்றுமையை வளர்க்கும் நேரத்தில் இது தேவையா, பிரெஞ்சு மக்களின் மனதில் வாட்டர்லூ வெறும் போர்க்களம் மட்டுமில்லையே என்ற தொனியில் அந்தக் கடிதம் இருந்தது.

ஒரு ஆட்சேபக் கடிதத்தோடு நாணயம் செத்துவிடுவதில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். வாக்கெடுப்பு நடந்திருந்தால் தகுதிப் பெரும்பான்மை தேவைப்பட்டிருக்கும். அதாவது வாக்களிக்கும் நாடுகளில் 55 சதவீதம், அவற்றின் மக்கள்தொகையில் 65 சதவீதம். யூரோ பகுதி மக்கள்தொகையில் பிரான்ஸின் பங்கு ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. பிரான்ஸ் மட்டும் எதிர்த்து மற்ற எல்லோரும் ஆதரித்திருந்தால் வாட்டர்லூ நாணயம் தாராளமாகப் பாஸ் ஆகியிருக்கும். தடுக்க வேண்டுமென்றால் பிரான்ஸுக்குத் துணைக்கு ஆள் வேண்டும்.

ஆனால் அப்படியொரு வாக்கெடுப்பு நடக்கவே இல்லை. பெல்ஜியமே பின்வாங்கிவிட்டது. பக்கத்து வீட்டோடு ஆயிரம் கொடுக்கல் வாங்கல் இருக்கும்போது ஒரு நாணயத்துக்காக அவர்களை எல்லோர் முன்னாலும் வாக்கெடுப்பில் தோற்கடிப்பது எந்த அரசுக்கும் வேண்டாத வேலை. இந்த விதியின் நிஜ பலம் இங்கதான் இருக்கிறது. ஓட்டுப் போட்டுத் தடுக்கும் அளவுக்கு ஆதரவு இருக்கிறதா என்று ஆட்சேபிப்பவர் நிரூபிக்க வேண்டியதில்லை. கடிதம் எழுதினாலே பாதி வேலை முடிந்துவிடுகிறது. பெரிய நாடு எழுதினால் முக்கால்வாசி.

இன்னொரு பக்கமும் உண்டு. 2014-ல் பிரான்ஸ், நார்மண்டி கடற்கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்கிய நாளின் 70-வது ஆண்டுக்காக 2 யூரோ நாணயம் வெளியிட்டது. அந்தக் கடற்கரையில் தோற்றது ஜெர்மனி. அந்த நாணயம் பெர்லின் கடைகளிலும் செல்லும். அது நாஜிப் படைகளின் தோல்வி, இன்றைய ஜெர்மனியே அதை விடுதலையின் தொடக்கமாகப் பார்க்கிறது, நெப்போலியனோடு ஒப்பிட முடியாது என்று பிரான்ஸ் சொல்லலாம். நியாயமான பதில்தான். ஆனால் எந்தத் தோல்வி வலிக்கிறது, எது வலிக்கவில்லை என்பதைத் தோற்றவரே சொல்ல வேண்டும் என்பதைத்தான் அந்தப் பதிலும் ஒப்புக்கொள்கிறது.

ஒளிவட்டம் இருக்கலாமா?

எல்லா நாடும் பெல்ஜியம் போல விட்டுக்கொடுத்துவிடவில்லை. 2012 இறுதியில் ஸ்லோவாக்கியா, சிரில், மெத்தோடியஸ் என்ற இரு துறவிகளுக்காக ஒரு நாணயம் வடிவமைத்தது. 863-ல் மொராவியாவுக்கு வந்து, ஸ்லாவிய மொழிக்கு முதல் எழுத்தை உருவாக்கித் தந்த சகோதரர்கள். ஸ்லோவாக்கியர்களுக்கு அவர்கள் மதகுருக்கள் மட்டுமில்லை, மொழிக்கே மூலவர்கள். வடிவத்தில் தலைக்குப் பின்னால் ஒளிவட்டமும், அங்கியில் சிலுவைகளும் இருந்தன. மத நடுநிலையைக் காரணம் காட்டி ஆணையமும் சில உறுப்பு நாடுகளும் அவற்றை எடுக்கச் சொன்னார்கள். முதலில் ஸ்லோவாக்கிய மத்திய வங்கி சரி என்று மாற்றியது. உள்ளூரில் எதிர்ப்பு வெடித்ததும் முடிவை மாற்றிப் பழைய வடிவத்தையே திரும்பக் கொடுத்தது. 2013-ல் ஒளிவட்டத்தோடும் சிலுவையோடும் நாணயம் வெளியானது.

வேடிக்கை என்னவென்றால், ஸ்லோவாக்கியாவின் சாதாரண 1, 2 யூரோ நாணயங்களிலேயே மூன்று குன்றுகள் மேல் நிற்கும் இரட்டைச் சிலுவைதான் இருக்கிறது. அது நாட்டின் சின்னம், யாரும் கேள்வி கேட்கவில்லை. நெதர்லாந்தின் 2 யூரோ விளிம்பில் 'கடவுள் நம்மோடு இருப்பாராக' என்று டச்சு மொழியில் எழுதியிருக்கும். சிலுவை சின்னமாக வந்தால் பிரச்சினை இல்லை, துறவியின் தோளில் வந்தால் பிரச்சினை என்ற பிரிவுக்குத் தர்க்கம் தேடினால் கிடைக்காது.

ஆட்சேபிக்கும் உரிமையே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். குரோஷியா 2023-ல் யூரோவுக்கு மாறியபோது 10, 20, 50 சென்ட் நாணயங்களில் நிகோலா டெஸ்லாவைப் போட்டது. இவை நினைவு நாணயங்கள் இல்லை, வழக்கமானவை. ஆனால் புதுப் படத்துக்கு ஒப்புதல் வாங்கும் வழி இவற்றுக்கும் உண்டு. டெஸ்லா பிறந்தது இன்றைய குரோஷியாவில், செர்பிய குடும்பத்தில். செர்பியாவின் 100 தினார் நோட்டில் அவர் முகம் இருக்கிறது. எங்கள் ஆளை அவர்கள் சொந்தம் கொண்டாடுகிறார்கள் என்று 2021-லேயே செர்பிய மத்திய வங்கி எதிர்ப்புத் தெரிவித்தது. அதனால் எதுவும் மாறவில்லை. செர்பியா ஐரோப்பிய ஒன்றியத்திலும் இல்லை, யூரோவிலும் இல்லை. வாட்டர்லூவில் பிரான்ஸுக்கு இருந்ததைவிட செர்பியாவின் வருத்தம் சின்னது என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் காசு செர்பியர்களின் பையில் அதிகாரப்பூர்வமாகப் புழங்காது, அதனால் அவர்களுக்குக் குரலும் இல்லை.

2.50 யூரோ என்று ஒரு காசு

பெல்ஜியம் கதை இன்னும் முடியவில்லை. 2015 ஜூனில், போரின் 200-வது ஆண்டு விழாவுக்குச் சரியாக, பெல்ஜியம் ஒரு வாட்டர்லூ நாணயத்தை வெளியிட்டது. மதிப்பு 2.50 யூரோ. போர்க்களத்தில் நிற்கும் சிங்க மேடும் படைகள் நின்ற வரிசையும் அதில் இருந்தன. மொத்தம் 70,000 நாணயங்கள், விலை 6 யூரோ.

2.50 என்ற விநோத எண் எங்கிருந்து வந்தது? சேகரிப்பு நாணயம் என்று இன்னொரு வகை இருக்கிறது. அதற்குப் பக்கத்து நாடுகளின் ஏழு நாள் ஆட்சேபம் கிடையாது. பதிலுக்கு மூன்று நிபந்தனை. வெளியிடும் நாட்டுக்குள் மட்டும்தான் செல்லும். முகமதிப்பு புழக்க நாணயங்களில் இல்லாததாக இருக்க வேண்டும். நிறம், விட்டம், எடை மூன்றில் இரண்டாவது தெளிவாக வேறுபட வேண்டும். 2 யூரோ போட முடியாது, அதனால் 2.50. சென்னையில் 2024 ஆகஸ்டில் வெளியான கருணாநிதி நூற்றாண்டு 100 ரூபாய் நாணயத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த வகை புரியும். அதை வைத்து யாரும் பஸ் டிக்கெட் எடுப்பதில்லை.

பழைய சண்டையைக் கிளறுவது நோக்கமில்லை என்றார் அப்போதைய பெல்ஜிய நிதி அமைச்சர் யோஹான் வான் ஓவர்ட்வெல்ட். நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். விதியைப் பொறுத்தவரை பெல்ஜியம் எதையும் மீறவில்லை. உங்கள் பையில் வந்து விழாத காசில் நான் என்ன போட்டால் உங்களுக்கென்ன என்ற ஒரே வாதம்தான், அதை விதியே ஏற்கிறது.

சேகரிப்பு நாணயத்தில் பக்கத்து நாடு கேட்காது, ஆனால் சொந்த மக்கள் கேட்பார்கள். 2017-ல் ஃபின்லாந்து தன் சுதந்திர நூற்றாண்டு வரிசையில் 1918 உள்நாட்டுப் போரின் மரண தண்டனைக் காட்சியைப் போட்ட 5 யூரோ நாணயத்தை அறிவித்தது. நாடே கொதித்தது. நிதி அமைச்சர் பெட்டெரி ஓர்போ தலையிட்டு அதை நிறுத்த வேண்டியதாயிற்று. அங்கே ஏழு நாள் கெடுவும் இல்லை, பிரஸ்ஸல்ஸும் இல்லை.

2026 ஜனவரி 1 முதல் பல்கேரியாவும் யூரோவில். இப்போது 21 நாடுகள், கூடவே நான்கு குட்டி நாடுகள். எல்லோரும் ஆண்டுக்கு இரண்டு என்ற உரிமையை முழுசாகப் பயன்படுத்தினால் ஒரு வருஷத்தில் 50 புதுப் படங்கள். பெரும்பாலானவை ஒரு தேவாலயமோ, பறவையோ, பல்கலைக்கழகத்தின் நூற்றாண்டோ. ஏழு நாள் சத்தமில்லாமல் கழியும், நாணயம் வெளியாகும்.

ஐரோப்பாவில் வேலைக்கோ படிப்புக்கோ இருப்பவர்களுக்கு ஒரு தகவல். கையில் வந்த 2 யூரோவில் தெரியாத முகம் இருந்தால் பயப்பட வேண்டாம், எந்த நாட்டு நினைவு நாணயமாக இருந்தாலும் யூரோ பகுதி முழுக்கச் செல்லும். ஒரே நேரத்தில் 50 நாணயங்களுக்கு மேல் நீட்டினால் மட்டும் கடைக்காரர் வாங்க மறுக்கலாம். ஆனால் யாராவது 2.50 யூரோ என்று ஒன்றைக் கொடுத்தால், அதை பெல்ஜியத்துக்குள்தான் செலவழிக்க முடியும். பாரிஸில் நீட்டிப் பார்க்க வேண்டாம்.